குறிப்பு நிரல்

கோல்ட் லேக்கில் பெப்ரவரி.
ஹங்கருக்குப் பின்னால் ஒரு தகரக் கட்டடம்,
மூன்று மாத ஒப்பந்தம்.
சண்டை விமானப் படையணியொன்றின் எண்பது வருடத்தை
நான் தட்டச்சு செய்து கொடுக்கவேண்டும்.
ஜூனில் ஒன்றுகூடல்.

சின்னம் சாம்பல் ஆந்தை.
கோப்ரல் அர்செனோ எட்டுப் பெட்டிகளைத்
தள்ளுவண்டிலில் கொண்டுவந்து இறக்கினாள்.
"எழுத்துப்பிழைகளை அப்படியே விடு," என்றாள்,
"செத்தவர்களைத் திருத்தக் கூடாது."

முதற் பெட்டி. நீல மை.
திகதி, விமானம், விமானி, புறப்பட்டது, திரும்பியது,
ஓரத்தில் இரண்டு விரலகலம்: குறிப்பு.
அதில் பெரும்பாலும் "ஒன்றுமில்லை".
கடலுக்கு மேல் ரோந்து, ஒன்றுமில்லை.
முகில், ஒன்றுமில்லை.
காலைச் சாப்பாடு மோசம், வேறொன்றுமில்லை.
திரும்பிய நேரம் வெறுமையாய் இருந்தால் மட்டும்
அடுத்த வரியில் மையின் நிறம் மாறியிருக்கும்.
எழுதியவன் பேனாவை வைத்துவிட்டு
எங்கோ போய் வந்திருக்கிறான்.

நாற்பத்து நாலு ஓகஸ்ட், பிரான்ஸ்.
ஓரெஸ்ட் பலாஹூரா,
வெக்ரவில் பக்கத்துக் கோதுமைக்காரன் மகன்,
ஒரே நாளில் நாலு தரம் ஏறி இறங்கியிருக்கிறான்.
அழித்தது: லொறி ஏழு, வண்டில் பதினொன்று.
குறிப்பில், பென்சிலால்:
"குதிரைகள். எங்கள் வீட்டில் ஏரில் பூட்டுகிற சாதி."
யாரோ அதைக் கோடு கிழித்து வெட்டியிருந்தார்கள்.
கோட்டுக்குள்ளும் வாசிக்க முடிந்தது.

பிறகு அவன் கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகிறது.
நவம்பரில் விடுமுறை.
அப்பால் பெயரே இல்லை,
இறந்தவர் பட்டியலிலும் தேடிவிட்டேன்.

ஐம்பதுகளில் சேபர்.
வராத போருக்காக ஜெர்மனியில்
சப்பாத்தோடு நித்திரை கொண்டார்கள்.
ஸ்டார்ஃபைட்டர் வந்தது;
ஒரே வருடத்தில் மூன்று பேர், எதிரி என்று யாருமில்லாமல்.
எழுபதில் படையணியைக் கலைத்து
கொடியை ஒரு தேவாலயத்தில் தொங்கவிட்டார்கள்.
பதின்மூன்று வருடத்தால் தூசு தட்டி
இந்த ஏரிக்கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்த இடத்தில்தான்
இரண்டு ஹோர்னெட்டுகள் எழும்பின.
நான் மேசைக்குக் கீழே இருந்தேன்.
எப்படிப் போனேன் என்று தெரியாது.
அர்செனோ குனிந்து பார்த்தாள்.
"பேனா விழுந்திட்டுது."
பேனா மேசையில்தான் கிடந்தது.
அவளும் அதைப் பார்த்தாள்.

விசுவமடுவில் எங்களிடமும் ஒரு பதிவேடு இருந்தது,
காதால் எழுதியது.
கிபிரின் இரைச்சல் கேட்டால்
பங்கருக்குள் இறங்கப் பதினாறு எண்ணலாம்.
மிக் என்றால் அதுவும் கிடையாது.
ஒரு நாள் பதினொன்றில்
தங்கச்சி பால்மாப் பேணியை எடுக்கத் திரும்பினாள்.

அடுத்த வரியில் மை மாறும்.

மேலே இருந்தவன் எத்தனை மணிக்குத் திரும்பினான்,
இறங்கி முதலில் என்ன குடித்தான்,
எங்கோ ஒரு பெட்டியில் இருக்கும்.
அவன் குறிப்பு நிரலை
நான் பார்க்கப்போவதில்லை.
பார்த்தாலும் அந்த ஒரு சொல்தான்.

வெள்ளிக்கிழமை மேஜர் விட்டேக்கர்
படிகளைப் புரட்டிக்கொண்டு வந்தார்.
"வெட்டிய வரியை ஏன் சேர்த்தாய்?"
"அப்படியே விடச் சொன்னார்கள்."
"அது எழுத்துப்பிழைக்கு."
நான் பேசவில்லை.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார்,
மறுபடி கழற்றினார்.
"அப்படியென்றால் கோட்டையும் போடு," என்றார்.

போட்டேன். குதிரைகளுக்கு மேல் ஒரு கோடு,
அளந்து, எழுத்து மறையாமல்.

வெளியே முப்பத்தொன்று குறைவு.
கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டும்போது
வடக்கிலிருந்து ஒன்று இறங்கியது.
கை நின்றுவிட்டது.
நிறைய நேரத்துக்குப் பிறகு மற்றது.
இரண்டும் திரும்பியாயிற்று.
எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பது
அப்போதுதான் தெரிந்தது.